நோயாளிகளுக்கு நற்கருணை: பணியாளர்கள் கவனத்திற்கு

ஞாயிற்றுக்கிழமையின் முதல் திருப்பலி முடிந்ததும் நோயாளிகளுக்கு நற்கருணை (திருப்பலியில் அர்ச்சிக்கப்பட்ட அப்பம்) கொண்டு செல்கிறோம். நற்கருணை வைத்த சிமிழை வாங்கியதும் நேரே நோயாளியின் வீட்டுக்குத்தான். வழியில் டீ, அரட்டை வேண்டாம். மேசையில் வெள்ளைத் துணியும் மெழுகுதிரியும் தண்ணீரும் வைக்கச் சொல்லி முந்தைய நாளே போன் செய்துவிடுங்கள்.

‘மாத்திரைக்காக இட்லி சாப்பிட்டுவிட்டேனே’ என்று பாட்டிமார் தயங்குவார்கள். நற்கருணை வாங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேர நோன்பு முதியோரையும் நோயாளிகளையும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களையும் கட்டுப்படுத்தாது. திருச்சபைச் சட்டம் 919 இதைத் தெளிவாகவே சொல்கிறது. விழுங்கச் சிரமப்படுபவர்களுக்குச் சிறு துண்டும் ஒரு ஸ்பூன் தண்ணீரும் போதும்.

ஒப்புரவோ (பாவ சங்கீர்த்தனம்) நோயில்பூசுதலோ (நோயாளிக்கு எண்ணெய் பூசும் அருட்சாதனம்) கேட்டால் பங்குத்தந்தையிடம் உடனே சொல்லுங்கள்; அவற்றைக் குருக்கள்தான் தர முடியும். 1973-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் நம்மைப் போன்ற பொதுநிலையினருக்கு (குருக்கள் அல்லாதவர்களுக்கு) திறந்துவிட்டது நற்கருணை வழங்கும் பணியை மட்டும்தான்.

அப்புறம், வர முடியாதவர்கள் சனிக்கிழமை மாலைக்குள் இங்கேயே சொல்லிவிடுங்கள்.