பந்தே இல்லாத ரக்பி ஆட்டம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த பேசும்பட வரலாற்றுக் கட்டுரையில் ஒரு வரி உறுத்தியது. ஒலி வந்த புதிதில் ஐரோப்பாவில் எடுத்தவை எல்லாம் மேடை நாடகத்தை அப்படியே படம்பிடித்தவைதான் என்கிறது அது. நிறையப் படங்களுக்கு இது பொருந்தும், சரி. ஆனால் 1931இல் ரெனே கிளேர் எடுத்த 'லு மில்லியோன்' என்ற பிரெஞ்சு நகைச்சுவைப் படம் இருக்கும்போது எல்லாம் என்று எப்படிச் சொல்வது? இத்தனைக்கும் அதுவும் ஒரு மேடை நாடகத்திலிருந்து வந்த கதைதான்.

கடனில் மூழ்கிய பாரிஸ் ஓவியன் மிஷேலுக்கு லாட்டரியில் பத்து லட்சம் விழுகிறது. சீட்டு அவனுடைய பழைய கோட்டுப் பையில். அந்தக் கோட்டு கைமாறி ஓர் ஓபரா பாடகரிடம் போய்விடுகிறது. அரங்கின் பின்புறம் அதை ஆளுக்காள் பிடுங்கிக்கொண்டு ஓடும்போது நமக்குக் கேட்பது ரக்பி ஆட்டத்தின் விசிலும் கூட்டத்தின் இரைச்சலும்! திரையில் பந்தும் இல்லை, மைதானமும் இல்லை.

அதைவிட எனக்குப் பிடித்தது ஓபரா காட்சி. மிஷேலும் அவன் காதலி பியாட்ரிஸும் மனத்தாங்கலோடு மேடை அலங்காரத்துக்குப் பின்னால் மாட்டிக்கொள்கிறார்கள். வாய் திறந்தால் அரங்கத்துக்கே கேட்டுவிடும். முன்னால், திரைக்குப் பின்னே எப்போதும் சண்டை போடும் பருத்த பாடகரும் பாடகியும் காதல் பாட்டுப் பாடுகிறார்கள். அந்தப் பாட்டு வரிகளே இந்த இருவருக்கும் பேச்சாகிவிடுகிறது. மேலிருந்து ஒரு தொழிலாளி காகித இதழ்களைத் தூவுகிறார். அட்டை மரமும் காகிதப் பூவும் என்று தெரிந்தும் நமக்கு மனம் இளகிவிடுகிறது. ஒரு வார்த்தை பேசாமல் அவர்கள் சமாதானமாகிறார்கள், அதுவும் ஒரு பேசும்படத்தில்.

பேசும்படம் வந்தபோது கிளேரே அதைக் கண்டு அஞ்சியவர். 1929இல் லண்டனில் 'பிராட்வே மெலடி' என்ற அமெரிக்கப் படத்தைப் பார்த்தார். அதில் கார் கதவு சாத்தும் சத்தமும் கார் கிளம்பும் சத்தமும் கேட்கும். திரையில் தெரிவதோ ஜன்னலருகே நிற்கும் பெண்ணின் முகம் மட்டும். காதில் விழுவதையெல்லாம் கண்ணுக்குக் காட்ட வேண்டியதில்லை என்பதை அவர் அங்கே கண்டுகொண்டு எழுதினார். இரண்டே ஆண்டில் அதை வைத்து நம்மைச் சிரிக்கவும் வைத்துவிட்டார்.

இந்தத் தொடரில் ஒரு வாரமாவது கிளேருக்கு ஒதுக்குங்கள். எழுதுகிறவர் அந்த ஓபரா காட்சியை ஒருமுறை ஒலியோடும், அப்புறம் ஒலியை அணைத்துவிட்டு இன்னொரு முறையும் பார்த்துவிட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
திருச்சி