நிறத்தை நம்பாதே

அன்புள்ள சேகர்,

முழங்கால் தேறி நீ மறுபடி ஓடைக்கரைக்குக் கிளம்பிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லாரும் சுகம். மகள் வேலை மாறியிருக்கிறாள், மற்றபடி புதிதாக ஒன்றுமில்லை.

சரி, உன் படங்களுக்கு வருகிறேன். பாறைமேல் கிடக்கும் கிரேஃபிஷ் (சிங்கி இறால் போன்ற நன்னீர் உயிர்) கொடுக்குகள் நீர்நாய் தின்று போட்டவை என்றுதான் எனக்கும் தோன்றுகிறது, பக்கத்திலேயே அதன் எச்சமும் இருக்கிறதே. ஆனால் சிவப்பாக இருப்பதால் அமெரிக்க சிக்னல் கிரேஃபிஷ் என்று நீ முடிவு கட்டியதை ஒப்ப முடியவில்லை. செத்த ஓடு வெயிலில் கிடந்தால் எந்த இனமானாலும் சிவந்துபோகும். சிவப்பு நிறமி உயிரோடிருக்கும்போதே ஓட்டில் உண்டு; ஒரு புரதம் அதைப் பிடித்து வைத்து வேறு நிறமாகக் காட்டுகிறது. புரதம் சிதைந்ததும் சிவப்பு வெளிவருகிறது. வேகவைத்த இறால் சிவப்பதும் இதே கதைதான்.

அதனால் விரலால் தடவிப் பார். இங்கிலாந்தின் சொந்த இனமான வெண்கொடுக்கு கிரேஃபிஷுக்குக் கொடுக்கின் மேற்புறம் சொரசொரப்பு. சிக்னலுக்கு வழவழப்பு. முதுகோட்டுத் துண்டு கிடைத்தால் அதிர்ஷ்டம்: ஓட்டின் குறுக்கே ஒரு பள்ளம் ஓடும், அதற்குச் சற்றுப் பின்னால் பக்கவாட்டில் சிறு முட்கள் இருந்தால் வெண்கொடுக்கு. சிக்னலுக்கு அந்த இடத்தில் முள்ளே கிடையாது. கொடுக்கு மூட்டில் வெள்ளையோ நீலப்பச்சையோ திட்டு இருந்தால் சிக்னல்தான், ஆனால் பழைய துண்டில் அது வெளுத்திருக்கும். குட்டிகளின் துண்டுகளும் எச்சத்தில் வரும் பொடிகளும் எனக்கே குழப்பம்தான். அவற்றை 'கிரேஃபிஷ்' என்று மட்டும் எழுதி விட்டுவிடு. துருக்கி இனம் போன்ற வேறு வந்தேறிகளும் அங்கே உண்டு என்பதால் இரண்டில் ஒன்று என்று அடித்துச் சொல்லவும் முடியாது.

இவ்வளவு மல்லுக்கட்டுவதற்குக் காரணம் உனக்குத் தெரியும். 1970களில் பண்ணைகளுக்காகக் கொண்டுவந்த சிக்னல், தான் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும் ஒரு பூஞ்சை போன்ற நோயைச் சுமக்கிறது. வெண்கொடுக்குக்கோ அது எமன். நீர்நாய்க்கு இரண்டும் ஒரே தீனி.

அப்புறம், நீர்நாய் நிறைய தூரம் அலையும். எச்சத்தில் கிடைத்தது அந்த இடத்திலேயே பிடித்த இரையாக இருக்க வேண்டியதில்லை, இதையும் குறிப்பில் எழுதிவை. அடுத்த ஓடைக்குப் போகும் முன் பூட்ஸைக் கழுவி நன்றாகக் காயவிடு, ஈரத்தோடு அந்த நோயும் உன்னோடு வரும். முதுகோட்டுத் துண்டு கிடைத்தால் அதைப் பக்கவாட்டில், அளவுகோல் வைத்து, ஒரு படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
முரளி