கோல்ஃபைத் தத்துவப் பக்கத்துக்கு மாற்றுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

மனிதன் தன் தேர்வுகளாலும் செயல்களாலும்தான் தன்னை உருவாக்கிக்கொள்கிறான் என்னும் இருத்தலியல் தத்துவம் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை படித்தேன். சார்த்தர், காம்யு என்று பிரெஞ்சு எழுத்தாளர்களைச் சொன்னதெல்லாம் சரி. ஆனால் காபிக் கடையில் உட்கார்ந்து சிகரெட் பிடித்தால்தான் இதெல்லாம் புரியும் என்பதுபோல் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். நான் கோல்ஃப் மைதானத்தில் பை சுமக்கும் கேடி. தினமும் கண்ணெதிரே நடப்பதைச் சொல்கிறேன்.

யோசனை கேட்பவன், யாரிடம் கேட்பது என்று தேர்ந்தெடுக்கும்போதே பாதி முடிவெடுத்துவிடுகிறான் என்பது சார்த்தரின் வாதம். தனியாக ஆடுபவர் தன் கேடியைத் தவிர வேறு யாரிடமும் யோசனை கேட்கக் கூடாது என்பது கோல்ஃப் விதி. "ஏழா, எட்டா, சொல்லுப்பா" என்பார் என் ஆட்டக்காரர். கை ஏற்கெனவே ஏழாம் நம்பர் மட்டையைப் பிடித்திருக்கும். எட்டு என்றால் முகம் சுண்டிவிடும். ஏழு என்பேன். பந்து குளத்தில் விழும். "நீதானே சொன்னே?" இப்படிப் பொறுப்பைக் கைகழுவுவதைப் பற்றிச் சார்த்தர் 1943இல் ஒரு அத்தியாயமே எழுதினார். எனக்கு அது தினப்படி சம்பளத்தில் சேர்த்தி.

மனிதன் சுதந்திரமாக இருக்கச் சபிக்கப்பட்டவனாம். பையில் 14 மட்டை வரை வைத்துக்கொள்ளலாம். சுதந்திரம் அவருக்கு, சாபம் என் தோளுக்கு.

வாழ்க்கையின் அர்த்தத்தை ஆயுள் முழுக்கத் தேடலாம். காணாமல் போன பந்தைத் தேட மூன்றே நிமிடம். 2019க்கு முன் ஐந்து தந்தார்கள், அதுவும் போச்சு.

செயல்தான் மனிதன் என்கிறார்கள். அப்படியா? 1968 மாஸ்டர்ஸ் போட்டியின் கடைசி நாள், 17ஆம் குழியை ராபர்ட்டோ டி விசென்சோ மூன்றே அடியில் முடித்தார். உடன் ஆடியவர் இவருடைய அடிக்கணக்குக் கார்டில் 4 என்று எழுதிவிட்டார். இவர் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டார். தொலைக்காட்சியில் ஊரே பார்த்திருந்தும் எழுதிய 4தான் நின்றது. ஒரே அடி வித்தியாசத்தில், சமநிலையில் முடித்தவர்கள் மறுபடி மோதும் பிளே-ஆஃப் வாய்ப்பு போயிற்று. அன்றைக்கு அவருக்குப் பிறந்தநாள் வேறு. இதற்குச் சார்த்தரிடம் என்ன பதில் இருக்கிறது என்று கட்டுரையாளர் சொல்லட்டும்.

கிரேக்கக் கதையில் மலைமேல் உருட்டிய கல் உருண்டு விழ விழ, திரும்பத் திரும்ப உருட்டும் தண்டனை பெற்ற சிசிபஸ் மகிழ்ச்சியாக இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளச் சொன்னார் காம்யு. எதற்குக் கற்பனை? 18ஆம் குழியில் மட்டையைத் தூக்கி எறிந்து, "இனிமேல் இந்தப் பக்கமே வரமாட்டேன்" என்று கத்திவிட்டு, கார் கதவைச் சாத்துமுன் "நாளைக்கு ஆறு மணிக்கு வந்துடு" என்பவரை வந்து பாருங்கள். சிசிபஸாவது தன் கல்லைத் தானே உருட்டினான்.

ஆகவே கோல்ஃப் செய்திகளை விளையாட்டுப் பக்கத்திலிருந்து தத்துவப் பக்கத்துக்கு மாற்றும்படி கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தையும் அங்கேயே போடுங்கள். பங்குச்சந்தைப் பக்கத்தில் மட்டும் வேண்டாம், என் ஆட்டக்காரர் படிப்பது அது ஒன்றுதான்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத கேடி