காயலான் கடைக்குப் போன இரண்டு கணினிகள்: நூலகப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் கிளை நூலகத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும்; உத்தரவே உங்களுடையதுதான். வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு வார விடுமுறை, வாசகர் யாரும் வராத நாள். அன்றைக்கு ஒரு மீன்பாடி வண்டி வந்து நின்றதையும், இரண்டு கணினிகளும் இரண்டு டப்பா மானிட்டர்களும் ஓர் அட்டைப்பெட்டியும் அதில் ஏறியதையும் எதிர்ப்புறத்து டீக்கடைக்காரர்தான் பார்த்துவிட்டு எனக்குச் சொன்னார். பதிவேட்டில் 'பயனற்ற பொருள்கள்' என்று எழுதியிருக்கிறது. அந்த அட்டைப்பெட்டிக்குள் இருந்தவை பதினேழு வியூக விளையாட்டுகளின் அசல் சீடிகள். கொடுத்தவன் நான்.

கோபத்தோடு எழுதக் கூடாது என்று மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தேன். கடிதம்தான் தள்ளிப்போனது, கோபம் அப்படியே இருக்கிறது. ஆகவே கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன்: அந்த இரண்டு கணினிகளையும், அந்தப் பெட்டியையும், அது இருந்த அலமாரித் தட்டையும் திருப்பித் தாருங்கள்.

2001 முதல் 2013 வரை பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சந்துக்குள் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். பகலில் தேர்வு முடிவு, வேலை விண்ணப்பம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பன்னிரண்டு கணினிகளையும் லேன் என்ற கடைக்குள்ளான வயர் இணைப்பில் கோத்து விளையாட்டு. மணிக்கு இருபது ரூபாய். எல்லார் கைக்கும் செல்போன் வந்தது, கூட்டம் போனது, கடையும் போனது. கணினிகளை ரிச்சி தெருவில் விற்றேன். இரண்டை மட்டும் விற்க மனம் வரவில்லை. பர்மா பஜாரில் வாங்கிய நகல் சீடிகளும் என்னிடம் இருந்தன, மறைக்கவில்லை. அவற்றை உடைத்துப் போட்டுவிட்டு அசலை மட்டும்தான் நூலகத்துக்குக் கொடுத்தேன். அப்போது இருந்த நூலகர், "வீட்டில் தூசி படிவதற்குப் பதில் இங்கே இருக்கட்டுமே" என்றார். ஞாயிறு காலை பத்து முதல் பன்னிரண்டு வரை, கணினிக்கு இரண்டு பிள்ளைகள், பக்கத்தில் நான். மூன்று ஆண்டு இப்படி நடந்தது. அவர் மாற்றலாகிப் போன பிறகு நடந்ததை நீங்களே அறிவீர்கள்.

நேரில் வந்து கேட்டபோது இரண்டு காரணங்கள் சொன்னீர்கள். சூதாட்டத் தடைச் சட்டம் வந்த பிறகு நூலகத்தில் கேம் வைத்திருக்க முடியாது என்பது முதல் காரணம். ஐயா, 2022இல் வந்த அந்தச் சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய ரம்மியையும் போக்கரையும் பற்றியது. அந்தக் கணினிகளில் பணமும் இல்லை, இணையமும் இல்லை. இணைய வயர் செருகும் துளையில் ஒரு குளவி மண்கூடு கட்டியிருந்தது. நூலகரும் நானும் அதைக் கலைக்காமலே விட்டிருந்தோம்.

இரண்டாவது காரணம்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. "அவை பழசு, புதுக் கணினி வரப்போகிறது" என்றீர்கள். புதுக் கணினி வரட்டும், நன்றி. ஆனால் அந்தப் பதினேழில் பாதிக்கு மேல் அதில் ஓடாது. அந்தக் காலத்து விளையாட்டுகள் பலவற்றின் சீடியில் சேஃப்டிஸ்க் என்று ஒரு பூட்டு போட்டிருப்பார்கள், திருட்டு நகலைத் தடுப்பதற்காக. அதைத் திறக்க விண்டோஸுக்குள் ஒரு சிறு நிரல் இருக்க வேண்டும். 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது, அந்த நிரல் பாதுகாப்புக்கு ஆபத்து என்று மைக்ரோசாஃப்ட் அதை எடுத்துவிட்டது. விளைவு என்ன தெரியுமா? காசு கொடுத்து வாங்கியவனின் அசல் சீடி ஓடாது. பூட்டை உடைத்த திருட்டு நகல் ஓடும். இதனால்தான் பழைய விண்டோஸ் எக்ஸ்பி போட்ட பென்டியம் 4 கணினிகள் இரண்டை இத்தனை காலம் உயிரோடு வைத்திருந்தேன். ஒன்றின் மதர்போர்டில் கெப்பாசிட்டர்கள் ஊதிப்போய், அதே அளவில் கிடைக்காமல் நான்கு நாள் ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினேன். கடைசியில் ஒரு பெரியவர் செத்துப்போன போர்டு ஒன்றிலிருந்து கழற்றி, பற்றவைத்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. நீங்கள் தரப்போகும் புதுக் கணினியில் சீடி செருக இடமாவது இருக்குமா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். கிராமபோன் தட்டு வைத்திருப்பவனிடம் செல்போனைக் கொடுத்து, "இதில் போட்டுக் கேள்" என்கிறீர்கள்.

அந்த இரண்டு மணி நேரத்தில் என்ன நடந்தது என்று உங்களில் ஒருவரும் வந்து பார்த்ததில்லை. அதனால் ஒன்றைச் சொல்கிறேன். காசிமேட்டிலிருந்து ஒரு சிறுமி வருவாள், ஏழாம் வகுப்பு. அவள் உட்கார்ந்தது 'பேட்டில் ரெல்ம்ஸ்' விளையாட. 2001இல் லிக்விட் எண்டர்டெயின்மெண்ட் என்ற நிறுவனம் செய்தது. மற்ற விளையாட்டுகளில் தங்கம் தோண்டுவார்கள், மரம் வெட்டுவார்கள். இதில் அரிசியும் தண்ணீரும்தான் செல்வம். குடியானவன் வயலில் நெல் அறுப்பான், ஆற்றில் போய்த் தண்ணீர் மொண்டு வருவான். மழை பெய்தால் நெல் சீக்கிரம் வளரும். வீடு பற்றி எரிந்தால் அதே குடியானவன்தான் தண்ணீரோடு ஓடி வந்து அணைப்பான். படைவீரன் என்று தனியாக யாரும் பிறப்பதில்லை. குடியானவனைப் பயிற்சிக் கூடத்துக்கு அனுப்பினால் வில்லாளி ஆவான். ஆற்றங்கரையில் ஓர் ஆள் குறைவான்.

முதல் ஞாயிறு அவள் ஒருவனைக்கூடப் பயிற்சிக்கு அனுப்பவில்லை. இருந்த அத்தனை பேரையும் ஆற்றுக்கு அனுப்பிவிட்டாள். எதிரி வந்து ஊரைக் கொளுத்தினான். பக்கத்துக் கணினிப் பையன்கள் சிரித்தார்கள். "ஏனம்மா இப்படிச் செய்தாய்?" என்று கேட்டேன். "தண்ணீர் வரும்போதே பிடித்து வைத்துக்கொள்ள வேண்டாமா மாமா?" என்றாள். 2019 கோடையில் லாரிக்காக விடியற்காலை மூன்று மணிக்குக் குடங்களை வரிசையில் நிறுத்திய தெரு அவளுடையது. அடுத்த வாரம் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தாள்: தண்ணீருக்கு நாலு பேர், வயலுக்கு ஐந்து பேர், வில்லுக்கு மூன்று பேர். அந்த வாரமும் தோற்றாள். ஐந்தை மூன்றாக அடித்துத் திருத்தினாள். நான்காவது ஞாயிறு வென்றபோது பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. எழுந்துபோய் மண்பானையில் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, "மறுபடியும் முதலிலிருந்து போடுங்கள்" என்றாள்.

இந்த விளையாட்டையாவது 2019இல் மறுபடி விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். நல்ல கணினியும் இணையமும் கார்டும் உள்ளவர்கள் வாங்கலாம். பெட்டியில் இருந்த 'பிளாக் அண்ட் ஒயிட்'டுக்கு அந்த வழியும் இல்லை. அதுவும் 2001தான். நீங்கள் ஒரு தெய்வம். திரையில் உங்களுக்கு இருப்பது ஒரு கை மட்டும். மலை உயரத்துக்கு வளரும் விலங்கு ஒன்றைத் தடவிக்கொடுத்தும் அடித்தும் பழக்க வேண்டும். அடித்தே வளர்த்தால் அது முரடாகி ஊராரைத் தூக்கித் தின்னும். செய்த லயன்ஹெட் நிறுவனத்தை 2016இல் மூடிவிட்டார்கள். இன்று எந்த இணையக் கடையிலும் அது விற்பனைக்கு இல்லை. அதன் சீடி எங்கள் நூலகத்தில் இருந்தது. இப்போது எந்தக் காயலான் கடையில் கிடக்கிறதோ!

காயலான் கடை என்றதும் 'டோட்டல் அனைலேஷன்' நினைவுக்கு வருகிறது. 1997இல் வந்தது. எங்கள் பேட்டைப் பையன்களுக்கு அது பிடித்துப்போனதற்குக் காரணமே அதுதான்: நொறுங்கிய டாங்கியின் உடைசல் களத்திலேயே கிடக்கும், அதைப் பொறுக்கி உலோகமாக்கிப் புது டாங்கி கட்டலாம். தோற்ற படையின் இரும்பில் அடுத்த படை. இரும்புக்கு எடை போட்டே வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பிறகு 2000இல் வந்த 'மெஜஸ்டி'. அதில் நீங்கள் அரசர், ஆனால் யாருக்கும் உத்தரவிட முடியாது. அரக்கனைக் கொல்ல வேண்டுமா, அதன்மேல் ஒரு கொடியை நட்டு இவ்வளவு பொற்காசு என்று வைக்க வேண்டும். காசு போதாது என்று தோன்றினால் வீரர்கள் தங்கள் பாட்டுக்குச் சந்தையில் திரிவார்கள். வரி வசூலிப்பவர் மட்டும் தவறாமல் வீடு வீடாகப் போவார். ஊர் பெருத்தால் சாக்கடை வாய்கள் தாமாகத் திறக்கும், அதிலிருந்து பெருச்சாளிகள் ஏறி வரும். வெளிநாட்டில் எங்கோ உட்கார்ந்து செய்தவர்களுக்கு எங்கள் தெரு எப்படித் தெரிந்தது என்று வியந்திருக்கிறேன். உங்கள் அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்த பிறகு அந்தக் கொடி விவகாரமும் எனக்கு நன்றாக விளங்கியது. கேலி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எல்லாம் மறைந்துவிடுவதில்லை என்பதும் உண்மை. என் கடையில் பையன்கள் விடிய விடிய ஆடிய 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' இரண்டாம் பாகம் 1999இல் வந்தது. இன்றும் அதற்குப் புதுப் பகுதிகள் வந்துகொண்டிருக்கின்றன. 2022இல் திராவிடர்களைச் சேர்த்தார்கள். சுருள்வாள் வீரன் வந்தான், ராஜேந்திர சோழன் படையெடுப்பும் வந்தது. அது பணம் ஈட்டும் விளையாட்டு, அதை நிறுவனமே பார்த்துக்கொள்ளும். ஈட்டாதவற்றை யார் பார்த்துக்கொள்வது? அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று கடையில் கிடைக்காது என்று அங்குள்ள வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் கணக்கெடுத்துச் சொன்னது. புத்தகம் என்றால் நம் நாட்டில் 1954ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, அச்சானதில் ஒரு பிரதி எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். விளையாட்டுக்கு அப்படி எதுவும் இல்லை. கோயில் கல்தரையில் யாரோ கீறிவிட்டுப் போன ஆடுபுலி ஆட்டக் கட்டம் இன்றும் இருக்கிறது, மூன்று புலி, பதினைந்து ஆடு, உட்கார்ந்தால் ஆடலாம். இருபது ஆண்டு வயதான சீடிக்கு அந்த யோகம் இல்லை.

வியூகம் என்றால் அரசுக்குப் பிடிக்காதா என்றால், அதுவும் இல்லை. 2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது நேப்பியர் பாலத்துக்கே கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டீர்கள். பெருமையாகத்தான் இருந்தது, பிள்ளைகளைக் கூட்டிப்போய்ப் படம் எடுத்தேன். எங்கள் வடசென்னைப் பெண் காசிமா 2024இல் கேரம் உலகப் போட்டியில் மூன்று தங்கம் வென்று வந்தபோது மாலை போட வரிசையில் நின்றீர்கள். வென்று வந்த பிறகு மாலை போடுவதில் குறையே வைக்க மாட்டீர்கள். ஆடிப் பழக ஓர் அறை கேட்டால்தான் கோப்பு நகராது. அனல்மின் நிலையமா, எண்ணூருக்கு. குப்பைமேடா, கொடுங்கையூருக்கு. கண்டெய்னர் லாரியா, எங்கள் வாசலுக்கு. இரண்டு பழைய கணினிகள் மட்டும் இங்கே இருக்கக் கூடாது, அவை குப்பை!

மன்னியுங்கள், வேறெங்கோ போய்விட்டேன். கேட்க வந்தது சிறிய விஷயம். 1948இலேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம், அதைப் பற்றிக் குறையில்லை. எங்களுக்குப் புது மேசை வேண்டாம், குளிர்சாதனம் வேண்டாம், திறப்பு விழா வேண்டவே வேண்டாம். அந்த இரண்டு கணினிகளும், பெட்டியும், செய்தித்தாள் அடுக்கும் பலகைக்குக் கீழே இருந்த ஒரு தட்டும், ஞாயிறு இரண்டு மணி நேரமும் போதும். பழுது பார்ப்பது என் செலவு. மின்சாரத்துக்கும் பணம் கட்டச் சொன்னால் கட்டிவிடுகிறேன், ரசீது கொடுங்கள்.

எடைக்குப் போட்டிருந்தால் எந்தக் கடை என்று மட்டும் சொல்லுங்கள். மின்ட் முதல் மூலக்கடை வரை பதினொரு கடைகளில் தேடிவிட்டேன், பன்னிரண்டாவதாக அங்கும் போய்ப் பார்க்கிறேன். கிலோ கணக்கில் கொடுத்து மீட்டுவருகிறேன். உள்ளே வைக்க அனுமதி மட்டும் எழுத்தில் தாருங்கள்.

பணிவுடன்,
பழைய வண்ணாரப்பேட்டை வாசகன்

பின்குறிப்பு: 'மெஜஸ்டி'யின் கையேடு அந்தப் பெட்டியில் இல்லை. காசிமேட்டுச் சிறுமி படிக்க எடுத்துப் போயிருந்தாள், அதனால் தப்பியது. நூலகப் புத்தகமாயிற்றே என்று அட்டை போட்டு வைத்திருக்கிறாள். எங்கே திருப்பிக் கொடுப்பது என்று கேட்கிறாள்.