பிரசவக் கோப்பும் இதயமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் மாரடைப்பு பற்றி வந்த கட்டுரை பயனுள்ளதாக இருந்தது. அதனுடன் போட்டிருந்த படம்தான் உறுத்தியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரியும் நடுவயது ஆண். எந்தப் பத்திரிகையைப் புரட்டினாலும் இதே படம்தான் என்பதால், இது ஆண்களின் நோய் என்ற எண்ணம் பெண்களின் மனத்திலேயே ஊறிக்கிடக்கிறது. ஆனால் உலக அளவில் பெண்களின் இறப்புகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று இதய, ரத்தக்குழாய் நோய்களால் நேர்கிறது.

என் அக்காவுக்கு 54 வயதில் மாரடைப்பு வந்தது. இரண்டு நாட்களாகத் தாடை வலிக்க, பல்வலி என்றே நினைத்திருந்தார். மூன்றாம் நாள் காலை, மாடிப்படியில் பாதி ஏறியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முதுகில் வலி, குமட்டல், நெற்றியெல்லாம் சில்லென்ற வியர்வை. "வாயுதான், சற்று நேரத்தில் சரியாகிவிடும்" என்றார். நாங்களும் நம்பி, நண்பகல் வரை வீட்டிலேயே வைத்திருந்தோம். இதயத்தசைக்கு ரத்தம் நின்றுபோன நிலையில் கடந்துபோன மணிநேரங்கள் அவை. பெண்களுக்கும் நெஞ்சுவலியே முதன்மையான அறிகுறி என்பது உண்மைதான்; ஆயினும் அதனோடு சேர்ந்தோ, சில வேளை அது இல்லாமலோ, மூச்சுத்திணறல், காரணம் புரியாத அசதி, தாடை, தோள், முதுகு வலி ஆகியவை ஆண்களைவிடப் பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகின்றன.

மருத்துவமனையில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, கொழுப்பு, புகைப்பழக்கம் எல்லாவற்றையும் விசாரித்தார்கள். கர்ப்பகாலம் எப்படி இருந்தது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. இரண்டாவது பிரசவத்தின்போது அக்காவுக்கு ரத்த அழுத்தம் 160/100 வரை ஏறி, சிறுநீரில் புரதமும் வெளியேறியதால், குறித்த நாளுக்கு முன்பே குழந்தையை எடுக்க வேண்டியிருந்தது. பிறகு அழுத்தம் இறங்கியது. விஷயமும் அத்துடன் மறக்கப்பட்டது. இப்படிப்பட்ட கர்ப்பகாலத்தைக் கடந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் இதயநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இருமடங்கு என்பதை நான் அறிந்ததே அதன்பிறகுதான். கர்ப்பகாலச் சர்க்கரை நோயும், 40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றுபோவதும் இந்த அபாயத்தைக் கூட்டுகின்றன.

மருத்துவ ஆய்வே பெண்களை நெடுங்காலம் ஒதுக்கிவைத்திருந்தது. மாரடைப்பைத் தடுக்க ஆஸ்பிரின் உதவுமா என்று அமெரிக்காவில் நடந்து, 1989இல் இறுதி முடிவு வெளியான பேராய்வில் பங்கேற்ற 22,071 மருத்துவர்களில் ஒருவர்கூடப் பெண் இல்லை.

வாரத்துக்கு 150 நிமிட நடை, புகையை விடுதல், உப்பைக் குறைத்தல் ஆகியவற்றைப் பலரும் எழுதிவிட்டார்கள். நான் வேண்டுவது வேறு. கர்ப்பத்தில் ரத்த அழுத்தமோ சர்க்கரையோ ஏறிய பெண்கள், எல்லாம் சரியாகிவிட்டது என்று இருந்துவிடாமல், அவற்றை ஆண்டுதோறும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்றும், எந்த மருத்துவரிடம் போனாலும் கேட்காமலே அந்த விவரத்தைச் சொல்ல வேண்டும் என்றும் தங்கள் இதழில் ஒரு மகப்பேறு மருத்துவரையும் ஓர் இதய மருத்துவரையும் சேர்ந்து எழுதச் செய்யுங்கள். அந்தக் கட்டுரைக்கான படத்தில் படியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி