எங்க அக்கா மனசு தளரல சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல கேன்சர்ல இருந்து மீண்டவங்க பேட்டி படிச்சேன். அவங்க நல்லா இருக்கிறதுல எனக்கும் ரொம்ப சந்தோஷம், அவங்களை ஒண்ணும் சொல்ல வரல. ஆனா மேல கொட்டை எழுத்துல மன தைரியம் இருந்தா கேன்சரை விரட்டிடலாம்னு போட்டிருந்தீங்க பாருங்க, அது தான் மூணு நாளா உறுத்திட்டே இருக்கு.

எங்க அக்கா மார்பக கேன்சர்ல தான் போனா. நாலாவது கீமோ முடிஞ்சு தலையில ஒரு முடி இல்லாம உக்காந்து என் பொண்ணுக்கு கணக்கு சொல்லிக் குடுப்பா, நடுவுல வாந்தி வரும், எழுந்து போயி எடுத்துட்டு வாயைக் கொப்பளிச்சுட்டு வந்து "ம்ம், எதுல விட்டோம்"னு கேப்பா. அப்படிப்பட்டவளை, துக்கம் கேக்க வந்தவங்க "கொஞ்சம் மனசை விட்டுட்டா போல"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. செத்ததும் அவ தப்பு தானா?

இதைப் பத்தி ஆராய்ச்சியே நடந்திருக்கு சார். 1989ல டேவிட் ஸ்பீகல்ங்கிற அமெரிக்க டாக்டர், மார்பக கேன்சர் உடம்புல வேற இடத்துக்கும் பரவின 86 பெண்களை வச்சு பாத்ததுல, வாராவாரம் குழுவா உக்காந்து மனசு விட்டுப் பேசினவங்க மத்தவங்களை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு காலம் இருந்தாங்கன்னு வந்துச்சு, உலகமே அதைப் பிடிச்சுக்கிச்சு. அப்புறம் 2001ல கனடாவுல 235 பெண்களை வச்சு அதே மாதிரி பண்ணிப் பாத்தா ஆயுசு கூடவே இல்ல. வலியும் மன வேதனையும் மட்டும் குறைஞ்சுது. அது சின்ன விஷயம் இல்ல, நான் ஒத்துக்கிறேன், கூட உக்காந்து பேச ஆள் வேணும் தான். ஆனா கட்டிக்கு அதெல்லாம் தெரியாது.

கட்டிக்குத் தெரியறது வேற. எந்த வகை, எவ்வளவு தூரம் பரவியிருக்கு, வைத்தியம் நடுவுல நிக்காம முழுசா நடந்துச்சா, இவ்வளவு தான். அமெரிக்கக் கணக்குல மார்பகத்தோட நின்ன கேன்சர்னா 5 வருஷம் தாண்டறவங்க 100க்கு 99 பேர், நுரையீரல் எலும்புன்னு பரவிட்டா 30 சொச்சம் பேர். (சீக்கிரம் கண்டுபிடிச்சா அந்த 5 வருஷக் கடிகாரமும் சீக்கிரமே ஓட ஆரம்பிச்சுடும், அதனால வித்தியாசம் கொஞ்சம் பெருசா தெரியும், அதையும் சொல்லிடறேன். இருந்தாலும் அவ்வளவு வித்தியாசத்துக்கு கடிகாரம் மட்டும் காரணம் இல்ல.) அக்காவுக்கு வந்தது ட்ரிபிள் நெகட்டிவ், ஹார்மோன் மாத்திரை வேலையே செய்யாத வகை. அதை அவ தேர்ந்தெடுத்தாளா?

சுண்டுவிரல் நுனி அளவுல கட்டி இருந்தப்பவே குளிக்கும் போது கையில தட்டுப்பட்டிருக்கு. வலிக்கலையேன்னு விட்டுட்டா. ஆரம்பத்துல பெரும்பாலும் வலிக்காதுன்னு வீட்ல ஒருத்தருக்கும் தெரியல. பையன் பரீட்சை முடியட்டும், மாமியார் ஆபரேஷன் முடியட்டும்னு எட்டு மாசம் போச்சு. ஸ்கேன் எடுக்கறப்போ கல்லீரல்லயும் இருந்துச்சு. அந்த எட்டு மாசமும் வீட்டையே தாங்கிட்டு இருந்தவளுக்கு தைரியம் பத்தலைன்னு எப்படி சார் சொல்றது?

அடுத்த தடவை இந்த மாதிரி பேட்டி போட்டா, எந்த ஸ்டேஜ்ல கண்டுபிடிச்சாங்க, என்ன வகை, என்ன வைத்தியம்னு மூணு வரி கேட்டுப் போடுங்க. கொட்டை எழுத்துல வேணாம், சின்ன எழுத்துலயாவது.

இப்படிக்கு,
உங்க நீண்ட நாள் வாசகி