சுமைதாங்கிக் கல்லை எடுத்த இடத்திலேயே நட்டுத் தாருங்கள்: நகர் குடியிருப்போர் நலச்சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்புக்குரிய தலைவர், செயலாளர், சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நகரின் பெயரை நான் எழுதவில்லை. வாசித்ததும் உங்களுக்குத் தெரிந்துவிடும், பக்கத்து விளையில், அதாவது மேட்டுத் தோட்டக் குடியிருப்பில் இருக்கும் எங்கள் விளைக்காரர்களுக்கும் தெரியும். மற்றவர்கள் நாகர்கோவிலைச் சுற்றி ஏலாவில், அதாவது வயல்வெளியில், மண் அடித்து மனை போட்ட ஏதோ ஒரு நகர் என்று எடுத்துக்கொள்ளட்டும். அப்படி நினைத்துக்கொள்ள இங்கே நகர்களுக்குப் பஞ்சமில்லை.

போன மாதம் உங்கள் நகர் முகப்பில் கறுப்புக் கிரானைட் பலகை திறந்தீர்கள். ‘நம் நகருக்குப் பெருமை சேர்த்தோர்’ என்று மேலே தங்க எழுத்து, கீழே பதினோரு பெயர். அதற்கு இடம் வேண்டுமென்று, சாலையோரப் புறம்போக்கில் நின்ற சுமைதாங்கிக் கல்லை ஜேசிபி வைத்துப் பிடுங்கினீர்கள். நிழலுக்கு நின்ற பூவரசும் அன்றைக்கே போயிற்று. என் கோரிக்கை ஒன்றுதான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்தக் கல்லை எடுத்த இடத்திலேயே நட்டுத் தாருங்கள்.

எங்கள் அம்மா மரச்சீனிக் கிழங்கு நிறைந்த கடவத்தை, அந்தப் பெரிய ஓலைப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வடசேரி கனகமூலம் சந்தைக்கு நடந்தே போவார். நான் பின்னால் ஓடுவேன். இரண்டு நட்டுக்கல், மேலே தோள் உயரத்தில் ஒரு குறுக்குக்கல், பக்கத்தில் ஆள் உட்காரத் தாழ்வாக இன்னொரு கல். கடவத்தை இறக்கவும் ஆள் வேண்டாம், திரும்ப ஏற்றவும் ஆள் வேண்டாம். அப்படியே குனியாமல் நகர்த்தி வைத்துவிட்டு, சும்மாட்டை அவிழ்த்து முகத்தைத் துடைப்பார். வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணின் நினைவாகத்தான் நம் பக்கத்தில் இந்தக் கல்லை நடுவார்கள் என்பது உங்களில் வயதானவர்களுக்குத் தெரிந்திருக்கும். இறக்கி வைக்காமலே போனவளுக்காக, போகிறவர் வருகிறவர் எல்லாம் இறக்கி வைக்கட்டும் என்று. எங்கள் கல்லிலும் ஏதோ எழுத்து இருந்தது, தேய்ந்து வாசிக்க முடியாமல் போய்விட்டது. யார் வீட்டுப் பெண்ணோ. எப்படியும் இந்த ஊர்க்காரிதான்.

இப்போது தலைச்சுமைக்காரர் யாருமில்லை, உண்மைதான். செயலாளர் சாரும் அதைத்தான் சொன்னாராம். ஆனால் அந்தத் தாழ்ந்த கல்லில் தினமும் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். உங்கள் வீடுகளில் பாத்திரம் தேய்த்து, தரை துடைத்து, துணி மடித்து வைத்துவிட்டு வருகிறவர்கள். எங்கள் மைனி, அண்ணன் மனைவி, அதில் ஒருவர். அண்ணன் குடும்பம் இப்போது ராஜாக்கமங்கலம் பக்கம் இருக்கிறது. மைனிக்கு வேலை முடிய மதியம் இரண்டு மணி, பஸ் வர மூன்று ஆகும். அங்கே ஒரு நிழற்குடை வேண்டும் என்று முன்பு கேட்டுப் பார்த்தோம். உங்கள் நகர் முகப்பு வளைவை மறைக்கும் என்று தடுத்துவிட்டீர்கள். சரி, பூவரசு இருந்தது, கல் இருந்தது, நாங்களும் விட்டுவிட்டோம்.

கல் போன மறுவாரம், முட்டு வலி தாங்காமல் மைனி உங்கள் பலகையின் படிக்கட்டில் உட்கார்ந்தார். இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. வாட்ச்மேன் ஓடி வந்து, “அக்கா, எழும்புங்க. கேமராவுல பாத்துட்டு போன் பண்ணுறாங்க” என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவரும் கூலிக்காரர். மைனி எழும்பினார். எழும்பும்போது, உட்கார்ந்த இடத்தை முந்தானையால் துடைத்துவிட்டு எழும்பினார். வீட்டுக்கு வந்து என்னிடம் இரண்டு தடவை சொன்னது அதைத்தான்: “நான் அழுக்காக்கல்ல, தொடச்சிட்டுத்தான் வந்தேன்.” அப்புறம் மூன்று மணி வரைக்கும் தார் ரோட்டு ஓரத்தில் வெயிலில் நின்றிருக்கிறார். இன்றைக்கும் நிற்கிறார்.

அவர் தலைக்கு நேர் மேலே பலகையில் இருந்த பெயர் யாருடையது என்று அடுத்த நாள் போய்ப் பார்த்தேன். மார்ஷல் நேசமணி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாகர்கோவில் நீதிமன்றத்தில் சாதி பார்த்துச் சில வக்கீல்களுக்கு நாற்காலி, சிலருக்கு முக்காலி என்று இருந்த காலத்தில், முக்காலியைத் தள்ளிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் அவர் என்று இந்த மாவட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுப்பார்கள். உட்காருவதற்கு உரிமை கேட்டவரின் பெயருக்குக் கீழே உட்கார்ந்ததற்காக ஒரு பெண்ணை எழுப்பிவிட்டிருக்கிறீர்கள். போகட்டும், அவர் பள்ளியாடிக்காரர். 1968-லேயே காலமாகிவிட்டார். உங்கள் நகருக்கு மனை போட்டது 1996-ல். அவர் எந்தத் தெருவில் குடியிருந்தார் என்று சொன்னால் நாங்களும் தெரிந்துகொள்வோம்.

மற்ற பெயர்களையும் வாசித்தேன். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன், ஒழுகினசேரியில் 1908-ல் பிறந்தவர். பொதுவுடைமைத் தலைவர் ஜீவா, பூதப்பாண்டிக்காரர். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை தேரூரில் பிறந்து, மனைவியின் ஊரான புத்தேரியில் வாழ்ந்து முடித்தவர். அவருக்கு ஏற்கெனவே இரண்டு ஊர் உரிமை கொண்டாடுகிறது, மூன்றாவதாக நீங்களும் வரிசையில் நிற்கிறீர்கள். கடைசிவரை தாம்பரத்தில் குடிசையில் இருந்த ஜீவா, அந்த மீசையோடும் கசங்கின சட்டையோடும் இன்றைக்கு உங்கள் கேட்டுக்கு வந்தால் என்ன ஆகும்? ரெஜிஸ்டரில் பெயர், போன் நம்பர், யாரைப் பார்க்க வேண்டும் என்று எழுதச் சொல்வார்கள். ‘நீங்கதான் சார் எங்க பலகையில் இருக்கீங்க’ என்று யாரும் அடையாளம் காணப்போவதில்லை.

சுந்தர ராமசாமியின் பெயரும் இருக்கிறது. நாகர்கோவிலில் வாழ்ந்தவர்தான், மறுக்கவில்லை. நாற்சந்தியில் நின்ற ஒரு புளியமரத்தை மனிதர்கள் தங்கள் போட்டியில் பட்டுப்போக வைத்த கதையை 1966-ல் நாவலாகக் கொண்டுவந்தவர் அவர். அவர் பெயரை நடுவதற்கு ஒரு பூவரசை வெட்டியிருக்கிறீர்கள். சங்கத்தில் யாராவது அந்த நாவலைப் படித்திருந்தால் கையாவது நடுங்கியிருக்கும்.

இஸ்ரோ தலைவர்கள் இரண்டு பேர். 2018-ல் பொறுப்பேற்ற கே. சிவன் மேல சரக்கல்விளைக்காரர், அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர். 2025-ல் பொறுப்பேற்ற வி. நாராயணன் மேலக்காட்டுவிளைக்காரர். இரண்டு ஊர்ப் பெயரிலும் விளை இருப்பதைக் கவனித்தீர்களா? எங்கள் பிள்ளைகள் உங்கள் பூங்காவில் பந்து விளையாட வந்தால் மட்டும் ‘விளைப் பசங்க’ என்று விரட்டுகிறீர்கள். ராக்கெட் விட்டால் விளைக்காரன் நகர்க்காரன் ஆகிவிடுகிறான் போலிருக்கிறது.

உங்கள் நகரில் பெருமைப்பட ஆளே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. மூன்றாம் தெருவில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் இருக்கிறார். பத்து வருடமாக எங்கள் விளைப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் கணக்கு சொல்லிக் கொடுக்கிறார். பலகையில் அவர் பெயர் இல்லை. உண்மையிலேயே அங்கே குடியிருக்கிறார், அதுதான் தகுதிக் குறைவோ என்னவோ. ஆனால் பலகை வைக்கப் பணம் கொடுத்த உபயதாரர் பெயர் அடியில் இருக்கிறது, நேசமணியைவிட ஒரு சுற்றுப் பெரிய எழுத்தில்.

சொல்லப் போனால் இன்னும் நிறைய இருக்கிறது. ஏலாவை நிரப்பும்போது மறுகால் ஓடையையும் சேர்த்து மூடினீர்கள். ஐப்பசி மழையில் அந்தத் தண்ணீர் எங்கள் முற்றத்துக்கு வருகிறது. நாங்கள் சின்ன வயதில் நடந்த வரப்பின் மேல் இப்போது கேட். திருவிதாங்கூரிலிருந்த நான்கு தாலுகாவைத் தமிழ்நாட்டோடு சேர்க்கப் போராடிய நேசமணியின் பெயரைப் பொறித்துவிட்டு, பக்கத்து விளையை இரும்பு வைத்துப் பிரித்திருக்கிறீர்கள். வீட்டு வேலைக்கு வருகிறவர்களுக்குத் தனி டம்ளர் வைக்கிற வீடுகளும்... வேண்டாம். கோபத்தில் எங்கேயோ போகிறேன். இது கோரிக்கை மடல்.

மன்னிக்கவும். பலகையை எடுங்கள் என்று நாங்கள் கேட்கவே இல்லை. இருக்கட்டும், பெயர்களைப் பிள்ளைகள் வாசிக்கட்டும். பெயருக்குப் பக்கத்தில் அவரவர் சொந்த ஊரையும் போட்டால் நன்றாக இருக்கும், அது உங்கள் விருப்பம். கல் மட்டும் எங்களுக்கு வேண்டும். கல் நின்ற அந்த இடத்தில், பலகைக்கும் சாலைக்கும் நடுவே ஆறடி சும்மாதான் கிடக்கிறது, அங்கே ஒரு சுமைதாங்கியும் ஒரு பூவரசங் கம்பும் தாராளமாக நிற்கும். பூவரசு கம்பை நட்டாலே பிடித்துக்கொள்ளும், அதற்குச் செலவும் இல்லை.

கல் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்துவிட்டேன். உங்கள் மோட்டார் ரூமுக்குப் பின்னால், உடைந்த டைல்ஸ் குவியலுக்குள் குறுக்குக்கல் கவிழ்ந்து கிடக்கிறது. ஒரு நட்டுக்கல் முனை உடைந்திருக்கிறது, சிமெண்ட் வைத்துக்கொள்ளலாம். தாழ்ந்த கல்லுக்குச் சேதமில்லை.

வருகிற இரண்டாம் ஞாயிறு உங்கள் சங்கக் கூட்டம் என்று கேள்விப்பட்டேன். தயவுசெய்து இதை அன்றைக்கு எடுத்துப் பேசி, கல்லை எடுத்த இடத்திலேயே நட அனுமதி தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஜேசிபி வேண்டாம், கூலியும் வேண்டாம். கயிறும் கடப்பாரையும் எங்களிடம் இருக்கிறது, விளையிலிருந்து ஆறு பேர் வருகிறோம். கேட்டை மட்டும் ஒரு மணி நேரம் திறந்து வைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பக்கத்து விளைக்காரன்